சிறு காணிக்கு மான்கள் வரவேண்டுமானால்: கொழும்பில் வாழும் காணி உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்துகொண்டு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா, மன்னார், திருகோணமலை, மொனராகலை போன்ற மாவட்டங்களில் இரண்டு முதல் பத்து ஏக்கர் வரையான காணியை வைத்திருப்போர் பலர். பெற்றோர் விட்டுச்சென்ற அந்தக் காணியில் பயிர் செய்ய வசதியில்லாத நிலையில், அதை விற்கவும் மனமின்றி, அங்கே மான்கள் வந்து மேய்ந்தால் நன்றாயிருக்கும் என்று விரும்புகிறவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. மானுக்குத் தீனி வைப்பதைவிட, மானைக் கொல்லக்கூடியவற்றைக் காணியிலிருந்து அகற்றுவதே முதல் வேலை என்பது இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எங்கள் காணிக்கு எந்த வகை மான் வரக்கூடும்?

அது காணி எந்த வலயத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தாழ்நில உலர் வலயத்தில் கூட்டமாக வரக்கூடியது புள்ளிமான். வளர்ந்த கலை (ஆண் மான்) தோளளவில் ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். பெரிய உடலும் பழுப்பு நிறமும் கொண்ட மரை உலர் வலயத்திலும் மலைநாட்டிலும் உண்டு. அது இருட்டிய பின்னரே பெரும்பாலும் வெளியே வரும். குரைக்கும் மான் எனப்படும் கேளையாடு தனியாகவோ சோடியாகவோ திரியும். அதைக் காண்பதைவிட, நாய் குரைப்பதுபோன்ற அதன் ஒலியைக் கேட்பதே எளிது. சருகுமான் முயலைவிடச் சற்றுப் பெரியது. உண்மையில் அது மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, ஆயினும் அதற்கு வேண்டிய புதரும் சருகும் மற்ற மான்களுக்கும் பயன்படுவதால் இங்கே சேர்த்துக்கொள்கிறோம்.

களுத்துறை, இரத்தினபுரி, கேகாலை போன்ற ஈர வலய மாவட்டங்களில் காணி வைத்திருப்பவர்கள் புள்ளிமானை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே கேளையாடும் சருகுமானும் வரும். காலி மாவட்டத்தின் எல்பிட்டிய, பலப்பிட்டிய பக்கங்களில் கறுவாத் தோட்டங்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் இடையே, இலங்கையில் வேறெங்கும் அரிதாகிவிட்ட பன்றிமான் எஞ்சியிருக்கிறது. அந்தப் பகுதியில் ஒரு ஏக்கர் கறுவாத் தோட்டம் வைத்திருப்பவரின் பொறுப்பு, வன்னியில் பத்து ஏக்கர் வைத்திருப்பவரின் பொறுப்பைவிடப் பெரியது என்றே நான் கருதுகிறேன்.

மூன்று ஏக்கர் போதுமா?

மான் கூட்டமொன்றை வைத்திருக்கப் போதாது. மான் வந்துபோக மூன்று ஏக்கரும் போதும், 80 பேர்ச்சும் போதும். புள்ளிமான் கூட்டம் ஒன்று நடமாடும் பரப்பு எந்தச் சிறு காணியையும்விடப் பன்மடங்கு பெரியது. ஆகவே உங்கள் காணி அவற்றின் வழியிலுள்ள ஒரு தங்கிடமாகவே இருக்க முடியும், அதுவே போதிய பயனுமாகும்.

காணியின் பரப்பைவிட, சுற்றியிருப்பது என்ன என்பதே முக்கியம். ஓர் எல்லையாவது காட்டையோ, பற்றைக் காட்டையோ, குளத்தின் அலைகரையையோ தொட்டுக்கொண்டிருந்தால் வேலை எளிது. நான்கு பக்கமும் வயலும் வீடும் பெருவீதியும் சூழ்ந்த காணி என்றால், மானை அங்கே வரவழைக்க முயலாதிருப்பதே நல்லது. வருகிற வழியில் வாகனத்திலோ நாயிடமோ அகப்பட்டு இறப்பதற்கு நாமே காரணமாகிவிடுவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் உள்ளிட்ட அதன் திருத்தங்களும் இதற்குப் பொருந்தும். மான் உங்கள் காணிக்குள் நின்றாலும் அது உங்கள் உடைமை ஆகாது. வேட்டையாடுவது, பிடித்து அடைத்து வளர்ப்பது, இறைச்சியை விற்பது, வாங்குவது எல்லாம் குற்றமாகும். தேசிய ஒதுக்கு (தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதி) ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் காணி இருந்தால், அங்கே கட்டடம், குளம், பாதை போன்ற அபிவிருத்தி வேலைகளுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருப்பதால், கொழும்பில் இருப்பவர்கள் ஒரு நாள் ஒதுக்கி நேரில் சென்று காணியின் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது பின்னால் வரும் பல சிக்கல்களைத் தவிர்க்கும்.

வடக்கில் போர் நடந்த பகுதிகளில், நெடுங்காலம் யாரும் கால்வைக்காத காணியில் பற்றை வெட்டத் தொடங்கும் முன், அங்கே கண்ணிவெடிகள் அகற்றப்பட்டுவிட்டன என்பதைப் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உறுதி கிடைக்கும்வரை கூலியாள் ஒருவரைக்கூட உள்ளே அனுப்பக் கூடாது.

அமெரிக்க இணையப் பக்கங்களில் சோளமும் உப்புக்கட்டியும் வைக்கச் சொல்கிறார்களே?

அங்கே அந்த அறிவுரை பெரும்பாலும் வேட்டைக்காக எழுதப்பட்டது. வெள்ளைவால் மானைக் குறித்த இடத்துக்குப் பழக்கி, பருவம் வந்ததும் அனுமதிப் பத்திரத்தோடு சுடுவதற்காகவே குளோவர்ப் பயிரும் சோளமும் உப்பும் வைக்கப்படுகின்றன. அந்த நாட்டிலேயே பல மாநிலங்கள் இன்று இரை வைப்பதைத் தடைசெய்துள்ளன. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, மான்களின் மூளையைச் சிதைத்து அவற்றைக் கொல்லும் நோய், ஒரே தொட்டியில் பல மான்கள் வாய்வைக்கும் இடங்களில் எளிதாகப் பரவக்கூடும் என்பது அதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டில் அந்த முறைக்கு இடமேயில்லை. மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் செரிக்கப் பழகியவை. சோறு, பாண், சோளம் ஆகியவற்றைத் திடீரென நிறையத் தின்னும்போது இரைப்பையில் அமிலம் பெருகி, விலங்கு ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். திருகோணமலையில் பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வழியிலும் திரியும் புள்ளிமான்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: மனிதர் கொடுப்பதையும் எறிவதையும் தின்னப் பழகிய அந்த மான்கள் குப்பையைக் கிளறிப் பொலித்தீனையும் விழுங்குகின்றன, அது வயிற்றில் திரண்டு அடைத்துக்கொள்கிறது. அன்போடு வாழைப்பழம் நீட்டுகிற கையும் அந்தப் பழக்கத்தை வளர்ப்பதில் பங்குகொள்கிறது. உப்புக்கட்டியும் வேண்டாம்; ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் மான் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்தால், துவக்கு வைத்திருப்பவனுக்கும் அது தெரிந்துவிடும்.

தீனி வைக்கக் கூடாதென்றால் மான் எதற்காக வரும்?

புல், தளிர், உதிர்ந்த பழம், நிழல், மறைவு ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் அருகருகே கிடைப்பதற்காக வரும். புள்ளிமான் திறந்த வெளியில் மேய்ந்தாலும், ஓடி ஒளியக்கூடிய பற்றை பக்கத்தில் இருந்தால்தான் அமைதியாக மேயும். எனவே காணி முழுவதையும் புல்டோசரால் தள்ளித் துப்புரவாக்குவது, பலரும் முதலில் செய்கிற, மீண்டும் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடிக்கிற செயல். பாதிக்கு மேற்பட்ட பரப்பைத் தொடாமல் விட்டுவிட்டு, எஞ்சியதில் ஒழுங்கற்ற வடிவில் சில புல்வெளிகளை மட்டும் திறந்துவிடுங்கள். நேர்கோடாக வெட்டாமல் வளைந்த விளிம்பாக வெட்டினால், புல்லும் பற்றையும் சந்திக்கும் ஓரம் நீளும். மான்கள் கூடுதலாக விரும்புவது அந்த ஓரத்தைத்தான்.

புல்வெளிக்கு விதை வாங்கித் தூவ வேண்டியதில்லை. உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் வேரோடு பிடுங்கி, வெயில் படவிட்டால், மாரி மழையோடு அறுகும் ஊர்ப்புல் வகைகளும் தாமாகவே வரும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை அணிந்து பிடுங்க வேண்டும். அது தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். கினியாப் புல் தழைத்து ஆளுயரம் வளர்ந்துவிட்டால் மான் அதைத் தொடாது, கோடையில் தீயும் எளிதில் பற்றும். ஆனால் வெட்டிவிட்ட பின் வரும் குருத்தை விரும்பித் தின்னும். ஆகவே ஒரே நாளில் முழுவதையும் வெட்டாமல், பட்டை பட்டையாக, சில வார இடைவெளியில் வெட்டுவது நல்லது. புது முளை வரட்டும் என்று புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. ஆமையும் பறவைக் குஞ்சும் மரக்கன்றும் அதில் சேர்ந்தே எரிகின்றன, அடுத்தவர் காணிக்கும் தீ பரவுகிறது, அதைச் செய்யவே கூடாது.

மரங்களைப் பொறுத்தவரை, ஏற்கெனவே நிற்பதைக் காப்பதே நடுவதைவிட மேல். பாலை, வீரை, நாவல், இலந்தை, புளி, ஆல், இத்தி ஆகியவற்றில் எது நின்றாலும் அதைச் சுற்றி இரண்டு பாகமளவு (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) நிலத்தைத் துப்புரவாக வைத்தால், உதிரும் பழம் மானுக்குத் தெளிவாகக் கிடைக்கும். பாலைப் பழக் காலத்தில் மந்திகள் மரத்திலிருந்து தின்றதைவிட அதிகமாகக் கீழே உதிர்த்துவிடும், அவற்றின் அடியிலேயே புள்ளிமான்கள் கூடும்; மந்தி தரும் எச்சரிக்கை ஒலியும் மானுக்குப் பாதுகாப்பு. மந்தியைக் கவணால் துரத்துகிற காணியில் மானும் நிலைக்காது. புதிதாக நடுவதென்றால் ஊரிலேயே கிடைக்கும் கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றையும் ஆளுயரக் கம்பிவலைக் கூட்டால் சுற்றிவிடுங்கள். இல்லையேல் எந்த மானுக்காக நட்டீர்களோ அதுவே முதல் ஆண்டில் கன்றைக் கடித்து முடித்துவிடும்.

விளா, வாழை, கரும்பு ஆகியவற்றை மானுக்கென்று நட வேண்டாம். அவற்றை நாடி யானை வரும்.

தண்ணீர் வசதி எப்படிச் செய்வது?

வைகாசி தொடங்கி புரட்டாசி வரை உலர் வலயத்தில் தண்ணீரே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புள்ளிமான் தண்ணீரை விட்டு நெடுந்தொலைவு போகாது. அரைக் கிலோமீற்றருக்குள் வற்றாத குளம் இருந்தால் நீங்கள் எதையும் வெட்டத் தேவையில்லை. குளத்துக்குப் போகும் வழியில் மறைவைக் காத்தாலே போதும். அப்படி இல்லையென்றால், மழைநீர் இயல்பாகத் தேங்கும் பள்ளத்தை ஆழப்படுத்தி ஒரு குட்டை அமைக்கலாம். அதன் கரை மிக மெல்ல இறங்க வேண்டும். நான்கு அடி நடந்தால் ஓரடி மட்டுமே ஆழம் கூடுமாறு இருந்தால், குட்டி மானும் பயமின்றிக் குடித்துத் திரும்பும். செங்குத்துச் சுவர் கொண்ட சீமெந்துத் தொட்டியும் பிளாஸ்ரிக் விரிப்பிட்ட குழியும் குட்டிகளைக் கொல்லும். ஏற்கெனவே இருந்தால் கல்லை அடுக்கி ஒரு சாய்வான படியையாவது அமைத்துவிடுங்கள். கரையில் ஒரு பக்கம் பற்றையும் எதிர்ப்பக்கம் வெளியுமாக இருப்பது, மான் ஒளிந்து வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுக் குடிக்க வசதியாக இருக்கும்.

பொதுக் குளத்தின் ஒதுக்கு நிலத்திலோ வாய்க்காலிலோ கைவைக்கும் முன் கமநல சேவை நிலையத்தில் கேட்டாக வேண்டும். உங்கள் குட்டைக்காக ஊர்க் குளத்துக்கு வரும் நீரை மறித்துவிட்டால், ஊரார் பகையோடு உங்கள் முயற்சி முடிந்துவிடும்.

யானை நடமாடும் பிரதேசத்தில் கோடைக் குட்டை யானையையும் அழைக்கும் என்பதை மறக்கக் கூடாது. பக்கத்தில் குடிமனைகள் இருந்தால் குட்டையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓர் உயிரைக்கூட ஆபத்தில் வைத்து மானைப் பார்க்க வேண்டியதில்லை.

கட்டில்லாத பழைய கிணறுகள்தாம் எல்லாவற்றிலும் கொடியவை. காணியில் கைவிடப்பட்ட கிணறோ, இரத்தினபுரிப் பக்கமென்றால் மூடாத மாணிக்கக் குழியோ இருந்தால், மானைப் பற்றி எண்ணுவதற்கு முன் அதைச் சுற்றிக் கட்டெழுப்புங்கள், அல்லது மண்ணிட்டு நிரப்புங்கள்.

எல்லைக்கு வேலி போடலாமா?

எல்லைத் தகராறுக்கு அஞ்சி வேலி போட விரும்புவது இயல்பே. மான் வந்துபோக வேண்டுமானால், மேல் கம்பி ஒரு மீற்றருக்கு மேல் உயராமலும், அடிக் கம்பி நிலத்திலிருந்து 40 முதல் 45 சென்ரிமீற்றர் வரை மேலேயும் இருக்கட்டும். பெரியது தாண்டும், குட்டி கீழால் நுழையும். அந்த இரண்டு கம்பிகளாவது முள்ளில்லாக் கம்பியாக இருக்க வேண்டும், ஏனெனில் தாண்டும் மானின் பின்னங்காலும் நுழையும் மானின் முதுகும் கிழிவது அங்கேதான். கிளுவை, பூவரசு கொண்டு போடும் உயிர்வேலி இன்னும் சிறந்தது. இடையிடையே இரண்டு முழ அகலத்தில் வெளி விடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குப் பாய்ச்சுவது குற்றம். அது மனிதரையும் கொல்லும்.

நாங்கள் கொழும்பில் இருக்கும்போது காணியைப் பார்ப்பது யார்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆளில்லாக் காணிக்கு மான் வரத்தொடங்கியதும் சுருக்கும் வரும். பன்றிக்கென்று வைத்த கம்பிச் சுருக்கில் மானும் சிறுத்தையும் அகப்படுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கி, சில நாட்களில் உயிரிழந்த கருஞ்சிறுத்தையை நாடே அறியும். கட்டுத்துவக்கு அதைவிடக் கொடியது: வழியின் குறுக்கே கட்டிய நூலை இடறினால் போதும், இடறியது மானா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. தீனிக்குள் ஒளித்து வைக்கும் பன்றிவெடி யானைக் குட்டிகளின் வாயையும் சிதைத்திருக்கிறது.

ஆகவே, குட்டைக்கும் கன்றுகளுக்கும் செலவிடுவதற்கு முன், ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, வாரத்தில் இரண்டு முறையாவது எல்லை முழுவதையும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் நடக்கும் பாதை தவறாமல் மாறிக்கொண்டிருக்க வேண்டும். மான் வழி குறுகும் இடங்களிலும், வேலியின் வெளிகளிலும், குட்டைக்கு இறங்கும் தடத்திலும் முழங்காலளவு உயரத்தில் கம்பி வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய முதல் கடமை. கட்டுத்துவக்கைக் கண்டால் கைவைக்காமல், அடையாளமிட்டுவிட்டுப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். வறுமையில் இருக்கும் ஒருவருக்கு அரைச் சம்பளம் கொடுத்துவிட்டு, மானிறைச்சியின் விலை அவரைச் சபலப்படுத்தக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சம்பளம் நியாயமானதாக இருக்கட்டும், மாதா மாதம் தவறாமல் போகட்டும்.

கட்டாக்காலி நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவலுக்கென்று நாய் வளர்ப்பவர்கள் அதைக் கட்டியே வைக்க வேண்டும். அவிழ்த்துவிட்ட இரண்டு நாய்கள் சேர்ந்தால் பிறந்த குட்டி எதுவும் தப்பாது. காணியில் சமைத்துத் தின்னும் நாட்களில் எச்சிலைப் புதைத்துவிடுங்கள். எச்சில் கிடக்கும் இடத்துக்குத்தான் நாய்க்கூட்டம் வந்து தங்கும்.

மான் அயலவரின் பயிரைத் தின்றால் என்ன செய்வது?

தின்னும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உளுந்து, கௌபி, கச்சான், இளநெல் எல்லாம் மானுக்கு விருப்பமானவை. மான் உங்கள் காணியில் பகலில் படுத்திருந்து, இரவில் அடுத்தவர் தோட்டத்துக்குப் போகுமானால், அந்த இழப்பில் உங்களுக்கும் தார்மீகப் பங்கு உண்டு. புல்வெளியையும் குட்டையையும் அயலவரின் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு உள்ளே அமைப்பதும், அவர் தோட்டத்தைச் சுற்றி எட்டடி வலை போடும் செலவில் ஒரு பகுதியை ஏற்பதும் நேர்மையான வழி. இதைப் பேசி முடிக்காமல் மானை வரவழைப்பவர், கோபத்தில் வைக்கப்படும் சுருக்கைப் பற்றிப் பின்னர் குறைகூற முடியாது.

சிறுத்தை வராதா?

புள்ளிமான் நிலைத்து வாழும் காட்டோரத்தில் சிறுத்தையும் இருக்கலாம். அது வருவதும் போவதும் உங்களுக்குத் தெரியவே வராது. இருட்டிய பின் குழந்தைகளைத் தனியே வெளியே விடாதிருப்பதும், ஆட்டையும் கன்றையும் உறுதியான கூரையுள்ள பட்டியில் அடைப்பதும் போதும்.

புதருக்குள் மான்குட்டி தனியாகக் கிடந்தால் எடுத்து வளர்க்கலாமா?

கூடாது. தாய் குட்டியை மறைவில் படுக்கவைத்துவிட்டு மேயப் போவது அதன் இயல்பு. குட்டி அசையாமல் கிடப்பதும் அதற்குப் பாதுகாப்பு. அருகே நீங்கள் நின்றுகொண்டிருக்கும்வரை தாய் திரும்பாது. உடனே விலகி, அன்று அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயமோ, உடலில் எறும்பு மொய்ப்பதோ, பக்கத்தில் தாய் இறந்துகிடப்பதோ தெரிந்தால் மட்டும் அருகிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். எடுத்து வளர்ப்பது சட்டத்துக்கு மாறானது. அதற்கும் மேலாக, மனிதருக்கு அஞ்சாமல் வளர்ந்த கலை, கொம்பு முற்றிய பருவத்தில் வளர்த்தவரையே குத்தும்.

உதிர்ந்த கொம்பை எடுத்துக்கொள்ளலாமா?

கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். முள்ளம்பன்றி அதைக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும். கொழும்புக்குக் கொண்டுவரும் வழியில் சோதனைச் சாவடியில், அது உதிர்ந்ததா, கொன்று எடுத்ததா என்று விளக்கிக்கொண்டிருப்பது வீண் தொல்லை.

முயற்சி பலிக்கிறதா என்று எப்படி அறிவது?

தடத்தையும் புழுக்கையையும் பாருங்கள். குட்டையோரத்தில் ஒரு பாய் அளவு மண்ணை மாலையில் தட்டிச் சமன்செய்துவிட்டு, காலையில் பார்த்தால் யார் யார் வந்தார்கள் என்பது குளம்படியில் தெரியும். பணம் இருந்தால் அசைவை உணர்ந்து தானே படமெடுக்கும் கமரா ஒன்றை மரத்தில் கட்டலாம். ஆனால் மான் நிற்கும் படத்தை இடப்பெயரோடு முகநூலில் போட வேண்டாம்.

அளவுக்கு மீறி மேய்கின்றனவா என்று அறிய, இரண்டு மீற்றர் நீள அகலமுள்ள ஒரு துண்டு நிலத்தைக் கம்பிவலையால் அடைத்துவிடுங்கள். ஓராண்டு கழித்து, உள்ளே கன்றுகள் தழைத்தும் வெளியே ஒன்றுகூட முழங்காலளவு வளராமலும் இருந்தால், காணி தாங்குவதைவிட மேய்ச்சல் அதிகம். பெரும்பாலும் அதற்குக் காரணம் மானாக இராது, ஊர்மாடுகளாகவே இருக்கும். மாடு கால், வாய் நோயை (காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் தொற்றுநோய்) மானுக்குக் கொடுக்கவும் கூடும் என்பதால், மாட்டுக்காரரோடு பேசி அவற்றைத் தடுப்பது இரட்டை நன்மை.

எந்த மாதத்தில் எதைச் செய்வது?

வட கீழ்ப் பருவமழையை நம்பிய உலர் வலயக் காணி என்றால், குட்டை வெட்டுவதையும் கிணற்றுக் கட்டு வேலையையும் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்று நடுங்கள். அப்போது நட்டால் தை வரை நீர் ஊற்றும் செலவு இல்லை. உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் மண் ஈரமாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில் பிடுங்குவது எளிது. பங்குனி, சித்திரையில் எல்லையைச் சுற்றி மூன்று மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை அமையுங்கள். குட்டை அமைந்த பின் வரும் ஆண்டுகளில், வைகாசிக்குப் பின் காணிக்குள் எந்த வேலையும் வேண்டாம்; தண்ணீர் குறைந்து மான்கள் குட்டையை மட்டுமே நம்பியிருக்கும் அந்த மாதங்களில், எல்லையைச் சுற்றிவரும் காவலாளியைத் தவிர வேறு யாரும், நீங்களும் உட்பட, காலையிலும் மாலையிலும் குட்டைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.